கசிவு பார்க்க வந்தவர்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் சின்னம்மாவுக்கு அதுவே வினையாயிற்று. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அவரைப் பிடிக்கும், ஊரைப் பிடிக்காது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கோடை பிறந்ததும் கிணறுகள் வற்றிப்போகும் ஊர் அது. தண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி வந்தால் பெண்கள் குடங்களோடு ஓடுவார்கள். கடைசியாக வந்த மாப்பிள்ளையின் தாய் எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ட மகன் குளிச்சி வளந்தவன்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் மாரியில் எங்கள் ஓடை கரைபுரண்டு ஓடும். அவ்வளவு தண்ணீரும் நேரே வாவிக்குப் போய் உப்பாகிவிடும். அதை மறித்து ஒரு கட்டுக் கட்டுவதென்று ஊர் கூடி முடிவெடுத்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் சிரமதானத்துக்குப் போகவேண்டும். முதலில் அப்பா போனார். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதும் சின்னம்மா போனார். இடுப்பு சுகமான பிறகும் சின்னம்மாவே போனார்.

கட்டு வேலையைப் பொறுப்பெடுத்தவர் ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு மேசன். சின்னம்மா கல் சுமந்து கொடுக்க, அவர் வாங்கி அடுக்குவார்.

"இந்தக் கல்லு சரிவராது, வேற தாங்க."

"கல்லில ஒரு பிழையுமில்ல. உங்கட கண்ணிலதான் பிழை."

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று நான் கவலைப்பட்டேன்.

அந்த மாரியிலேயே கட்டு நிரம்பியது. அடுத்த கோடையில் கிணறுகள் வற்றவில்லை. அப்பா முதன்முறையாகக் கோடை நெல்லான சிறுபோகமும் விதைத்தார். அம்மா கொல்லையில் கத்தரியும் வெண்டியும் வைத்தார். பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள் எருமைகளுக்குப் போட்டியாகத் தண்ணீரில் கிடந்தோம்.

வேலை முடிந்தும் மேசன் வருவதை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் வாவியைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். "கட்டுக் கசியுதோ எண்டு பாக்க வந்தன்" என்பார். சின்னம்மாவும் அந்த நேரம் பார்த்துத்தான் துணி துவைக்கப் போவார். இந்த மனிதர் வீணாக அலைகிறாரே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை, கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கல் கல்லாகத் தடவிப் பார்த்தேன். மறுநாள் அவர் வந்ததும், ஊரே குளித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று உரக்கச் சொன்னேன்.

"ஒரு சொட்டும் கசியல்ல மாமா! நீங்க இனி வரத் தேவல்ல!"

குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. மேசன் குனிந்து, கசியாத கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னம்மா என் தொடையில் நன்றாகக் கிள்ளினார். அப்பா மட்டும் தலையைத் துவட்டியபடி கரையேறி, மேசனிடம், "தம்பி, வீட்ட வாங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

பெண் பார்க்க வந்த மேசனின் தாய் எங்கள் கிணற்றை எட்டிப் பார்க்கவேயில்லை. கட்டுத் தண்ணீரில் ஆசைதீரக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடுதான் வீட்டுப்படி ஏறினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்து மேசன் எனக்குச் சித்தப்பாவானார். அதற்குப் பிறகும் ஞாயிறு மாலைகளில் இருவரும் கட்டுப்பக்கம் போவார்கள். நானும் வருகிறேன் என்றால், கசிவு பார்க்கப் போகிறோம், நீ படி என்பார்கள். நான்தான் தடவிப் பார்த்துச் சொல்லியாயிற்றே. ஒரு சொட்டும் கசியாத கட்டை இரண்டு பேர் போய், அவ்வளவு நேரம், அப்படி என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவேயில்லை.