பெட்டிகளுக்கு வாசிக்கப் பழக்குகிறவள்

கொம்பியூட்டர் திரையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அளவு, ஒரு நிறம், ஒரு குணம் உண்டு. அதை மனிதர் வாசிக்கும் எழுத்தாக்குவதும், மனிதர் எழுதியதைத் திரும்பப் பெட்டிக்குப் புரியவைப்பதும்தான் என் தொழில். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டருக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். கீழே ஒரு வகை வேதனை, மேலே ஒரு வகை. இதே வேலையில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் உங்களுக்குச் சொன்னால்தான் விளங்கும்.

மருமகன் மாற்றிய காற்புள்ளி

கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் அன்ரன் அண்ணனுக்கு லேபல் அடிக்கும் சொஃப்ட்வெயார் செய்து கொடுத்தோம். நீளம், காற்புள்ளி, உயரம் என்று எழுதினால் போதும். நன்றாகத்தான் ஓடியது. கோயில் திருநாளுக்கு மெழுகுதிரி லேபல் அடிக்கிற அன்று போன் வந்தது: எல்லாம் நூல் மாதிரி ஒல்லியாக வருகிறதாம்.

ஓட்டோ பிடித்து ஓடினேன். பாரிசிலிருந்து லீவில் வந்த அவருடைய மருமகன் மெஷினைப் பிரெஞ்சு முறைக்கு மாற்றியிருந்தார். அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. எங்கள் பெட்டி இரண்டு எண்களையும் ஒன்றாக வாசித்து, உயரமே இல்லை என்று முடிவெடுத்துவிட்டது. எந்த நாட்டு முறையில் மெஷின் இருந்தாலும் ஒரே மாதிரி வாசிக்கும்படி அங்கேயே இருந்து திருத்தினேன். லேபல்கள் பின்னேரம் கோயிலுக்குப் போயின. அன்ரன் அண்ணன் மருமகனைக் கடைக்கண்ணால் பார்த்துச் சொன்னார்: "மகள், இவர் வந்து எங்கட சாப்பாட்டை மாத்தப்போறார் எண்டுதான் பயந்தனான். கொமாவையே மாத்திப்போட்டார்!"

மயில் கழுத்து

புடவைக் கடை சாந்தி அக்கா, நாங்கள் செய்து கொடுத்த சொஃப்ட்வெயாரின் நிறப் பெட்டியில் ‘மயில் கழுத்து’ என்று எழுத, பெட்டி சிவப்பாகப் பிழை காட்டியது. "இங்கிலிஷில எழுதுங்கோ அக்கா" என்றேன். கலியாணத்துக்கு எடுக்க வருகிறவர்கள் இங்கிலிஷில் கேட்பதில்லை என்றார். சரியென்று அவரோடு இருந்து மாம்பழம், அரக்கு, வெங்காயத் தோல் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிக்குப் பழக்கினேன்.

மயில் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். "நீலமா, பச்சையா? ஒண்டைச் சொல்லுங்கோ." அக்கா ஒரு சேலையை உதறி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினார். "பாக்கிற ஆள் அசைஞ்சா இதுவும் அசையும் தங்கச்சி. அதை உங்கட பெட்டிக்கு எப்பிடிச் சொல்லுவீங்கள்?"

அரைக் குளிசை

பொரளையில் ஒரு டொக்டர் அம்மாவின் கிளினிக்குக்கு மருந்துச் சீட்டு அடிக்கும் சொஃப்ட்வெயார். எதை எழுதினாலும் தானே ஊகித்துக்கொள்ளும் பெட்டி ஒன்றை என் சீனியர் நிமல் அய்யே – சிங்களத்தில் ‘அண்ணன்’ – ஆசை ஆசையாகச் செய்திருந்தார். பரீட்சார்த்தமாக ஓட்டிய நாளில், இருதய வருத்தக்காரர் ஒருவருக்கு அரைக் குளிசை, அதாவது அரை மாத்திரை, என்பதற்கு டொக்டர் 1/2 என்று அடித்தார். பெட்டி அதைத் திகதி என்று ஊகித்து, ‘பெப்ரவரி முதலாம் திகதி’ என்று சீட்டில் போட்டது.

நல்லவேளை, சீட்டைக் கொடுக்குமுன் டொக்டர் கண்டுவிட்டார். நிமல் அய்யேயின் முகம் வெளிறியது. உடனே, தான் ஆசையாகச் செய்ததைத் தானே கழற்றி எடுத்தார். அவருக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு டொக்டர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அந்த ஐயா பெப்ரவரி வரைக்கும் குளிசை இல்லாமல் இருக்கேலாது. உங்கட பெட்டிக்குத் தெரியாட்டி, தெரியாதெண்டு சொல்லப் பழக்குங்கோ."

பெட்டிகளை ஒருவழியாகத் திருத்திவிட்டேன், ஆனால் வீட்டில் எனக்குப் பார்க்கிற மாப்பிள்ளையின் படத்தைக் கண்டு நான் சொல்லும் ‘ம்’ அம்மா வழியாகச் சித்தியிடம் போய்ச் சேரும்போது ‘முழுச் சம்மதம்’ ஆகிவிடுவதைத்தான் எந்த மெஷினில் திருத்துவதென்று தெரியவில்லை.