கச்சிராயபாளையத்தில் காணாமற்போன ‘ய’

ஒரு பெயரிலிருந்து ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டால், அப்பெயருக்குரியவர் வேறு ஆளாகிவிடுவாரா? இந்தக் கேள்வி எனக்கு இலக்கண வகுப்பில் எழவில்லை. ஓர் அரசு அலுவலக மேசையின் முன் நின்றபோது எழுந்தது. சென்ற வாரம் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் அது மீண்டும் வந்து நின்றது. நகரப் பேருந்தின் நெற்றியில் ‘கச்சிராயபாளையம்’ என்று விளக்கெழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் எழுத்தும் குறையவில்லை. குறையாததுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தப் பக்கம் நீங்கள் போயிருந்தால் தெரிந்திருக்கும். கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள அவ்வூரைப் பேச்சில் முழுப்பெயரிட்டு அழைப்பவர் அரிது. ‘கச்சிராபாளையம்’தான். அந்நாளில் பேருந்தின் தகரப் பலகைக்குப் பெயிண்ட் அடித்தவரும் காதில் விழுந்ததையே எழுதியிருந்தார். அதற்காக வண்டியில் ஏற மறுத்தவர் எவருமில்லை.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த ஆண்டுகள். தமிழில் முதுகலை முடித்த பெருமிதத்தோடு நான் ஒரு டுட்டோரியலில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினால் மரியாதை போய்விடும் என்று நம்பிய வயது. தேர்வில் தவறியவர்களே என் மாணவர்கள். விகுதி கேட்டால் விகாரத்தை எழுதுவார்கள். போலி கேட்டால் இலக்கணப்போலியை எழுதுவார்கள். போலியையும் மரூஉவையும் இடம் மாற்றாதவர் இல்லை. நான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன்: போலியில் ஓர் எழுத்து போய் அதன் இடத்தில் இன்னோர் எழுத்து உட்கார்ந்துகொள்ளும், மரூஉவில் நாக்கில் புரண்டு புரண்டு சொல்லே இளைத்துப்போகும்.

“பந்தல், பந்தர் ஆனா அது இன்னா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போலிங்க சார்” என்றார் மல்லிகா. கல்வராயன் மலையிலிருந்து வந்து படித்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் இரண்டாம் தாள் மட்டும் பாக்கி.

பின்வரிசையிலிருந்து மணலூர்பேட்டை ராஜவேல் குரல் கொடுத்தான். “அத்த மட்டும் கரெக்டா சொல்லுவாங்க சார். ஆபீஸ்ல டெய்லி கேட்டுக்கினுதான இருக்காங்க!”

வகுப்பு சிரித்தது. எனக்கு நகைச்சுவை விளங்கவில்லை. வகுப்பு முடிந்தபின் மல்லிகாவே விளக்கினார். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் பழங்குடிச் சான்று வேண்டும். பள்ளியில் அவருடைய அப்பாவின் பெயர் ஆண்டியப்பன். மலையில் நிலப் பட்டாவில் ஆண்டப்பன். இரண்டும் இரண்டு ஆள், போலியாக இருக்கலாம் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ராஜவேலைத் தனியே அழைத்துக் கண்டித்தேன். “எங்களுக்கு இன்னா சார் கோட்டா இருக்குது? எங்கண்ணன் மறியல்ல பூட்டு ஜெயில்ல கீறான்” என்றான். இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

மறுநாள் மல்லிகாவுடன் அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். நான் தலையிட்டால் எழுத்தர் முறுக்கிக்கொண்டு கோப்பையே கிடப்பில் போட்டுவிடுவாரோ என்ற அச்சமும் இருந்தது. மல்லிகா தாமதமாக வந்தார். வழியில் மறியல்காரர்கள் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால் பேருந்து நின்றுவிட, மீதி வழியை நடந்து கடந்திருந்தார். கிளைகளுக்குள் நுழைந்து வந்த அவர் புடவையில் நசுங்கிய புளியந்தளிரின் வாடை. இன்றும் புளியந்தளிர் போட்டுக் குழம்பு வைத்தால் எனக்கு அந்த அலுவலகம் நினைவுக்கு வருகிறது. சாப்பாட்டைக் கெடுக்க வேறொன்றும் வேண்டாம்.

எழுத்தரிடம் நான் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். “ஐயா, போலி என்பது வேறு, மரூஉ என்பது வேறு…”

“போலின்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார்.”

“இல்லைங்க, இது மரூஉ.”

“மரூவா? ஜி.ஓ.ல அப்டி ஒண்ணும் இல்லியே!”

பக்கத்து மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். என் முதுகலைப் பட்டம் அத்துடன் முடிந்தது. அப்போது மல்லிகா கேட்டார்:

“சாருக்கு எந்த ஊருங்க?”

“கச்சிராபாளையம். இன்னாத்துக்கு?”

“எழுதறப்போ எப்டிங்க எழுதுவீங்க?”

“கச்சிராய…” என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

“பேசறப்போ அந்த ‘ய’ எங்கங்க போச்சி? எங்கப்பா பேர்லயும் அப்டி பேசிப் பேசிதாங்க தேஞ்சி போச்சி. அதுக்கு நீங்க வேற ஊருன்னு ஆயிடுமாங்க?”

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். “பக்கத்துலயே இருந்துக்கினு என் ஊர்லயே கை வெக்கிறியே” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. “போயி ஊர் மூப்பனக் கூட்டிக்கினு வா. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சொல்லட்டும், நான் எழுதி மேல அனுப்பறேன்.”

மூப்பன் மலையிறங்கி வந்து சொன்னார். சான்று கடைசி நாளுக்குள் கிடைத்தது. இரண்டாம் தாளில் போலிக்கும் மரூஉவுக்கும் வேறுபாடு கேட்கவேயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மல்லிகா தேறினார். மலைப்பள்ளிகளிலேயே பணியாற்றி ஓய்வுபெற்றார்.

சென்ற வாரம் என்னை வரச்சொன்னதும் அவர்தான். அவரிடம் படித்த பெண் ஒருத்தியின் விண்ணப்பம் தகப்பன் பெயரில் ஓரெழுத்துப் பிசகால் திரும்பியிருந்தது. இ-சேவை மையத்துப் பெண் பொறுமையாகவே சொன்னாள்: “நான் இன்னா மேடம் பண்றது? சிஸ்டம் எடுக்கல.”

மல்லிகா வாயைத் திறந்தார். பிறகு கணினித் திரையைப் பார்த்து மூடிக்கொண்டார். பெயரைத் திருத்த வேறு மனு எழுதிக்கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். கச்சிராயபாளையம் வண்டி புறப்படத் தயாராக நின்றது.

பலகைக்கு ‘ய’ திரும்பி வந்துவிட்டது. ‘சாருக்கு எந்த ஊருங்க?’ என்று கேட்பதற்கு, முடிவுசெய்யும் மேசைக்குப் பின்னால் இப்போது ஆள் இல்லை.