சகாயசெல்வியின் கிணறு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் சகாயசெல்வியை ஊரில் பாதிப்பேருக்கு ஒரு பாட்டால்தான் தெரியும். தோல் ஆலையின் கழிவு ஊறி அவள் மல்லிகைத் தோட்டத்துக் கிணறு கெட்டுப்போனபோது, பாடகர் இளஞ்செழியன் பறையோடு வந்தார். அவள் நீட்டிய செம்பை வாங்கி, அந்தத் தண்ணீரை அத்தனை பேர் முன்னால் மடமடவென்று குடித்தார். பிறகு அவள் பெயரையும் ஆலையின் பெயரையும் வைத்தே பாடினார். கூட்டத்தில் அழாத ஆள் இல்லை.

அந்தத் தெம்பில்தான் ஆலைமேல் போட்ட வழக்கில் சாட்சி சொல்கிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அதே ஆலையில் வேலை பார்த்த புருஷன் மரியசெல்வத்துக்கு உடனே சீட்டுக் கிழிந்தது. அவர் முணுமுணுத்துப் பார்த்தார், அவள் அசையவில்லை. பேர் பாட்டிலேயே ஏறிவிட்டது, இனி பின்வாங்கினால் ஊர் சிரிக்காதா?

இப்போது இளஞ்செழியனின் புது ஆல்பம் வந்திருக்கிறது. அதே பாட்டுதான், ஆனால் பறை போய்க் கிடார் வந்துவிட்டது. சகாயசெல்வியைக் காணோம், ஆலையைக் காணோம். கிணறு இருந்த வரியில் தண்ணீரைத் தாயே என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

கருப்பணன் டீக்கடையில் இதற்காகவே இரண்டு கட்சி. கல்லூரியில் படிக்கும் தீபாவுக்குப் பழைய பாட்டு சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்ததாம், இதைக் கேட்டால்தான் மனசு கரைகிறதாம். ஆள் விலைபோய்விட்டார் என்று கருப்பணன் கிளாஸை நங்கென்று வைத்தார். சாலையில் போகிற நாய்க்குக்கூட ஒரு கருத்து இருந்தது. பாட்டில் பேர் இருந்தவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதும் அவள் இளஞ்செழியனுக்காகவே பேசினாள். தம்பி அப்படிப்பட்டவர் இல்லை, ஏதோ காரணம் இருக்கும் என்றாள்.

வீட்டில் மரியசெல்வம்தான் போட்டு உடைத்தார்.

"அவரே பாட்டுலருந்து உன் பேர எடுத்துட்டாரு. நீ எதுக்குடி இன்னும் கோர்ட்டு கோர்ட்டுன்னு நிக்கிற?"

சாட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது.

ஆல்பம் விழாவுக்கு இளஞ்செழியன் திண்டுக்கல்லுக்கே வந்தார். அவள் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் மொண்டுகொண்டு போய் மண்டப வாசலில் நின்றாள். அவர் காரை விட்டு இறங்கியதும் நீட்டினாள்.

"ஒருவாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க தம்பி. நான் சாட்சி சொல்லப் போகவா, வேணாமா?"

அவர் செம்பைத் தொட்டுக் கும்பிட்டார். "தொண்டையப் பாத்துக்கணும்க்கா, நாளைக்கு ரெக்கார்டிங். பாட்டு எல்லாருக்கும் போய்ச் சேரணும்னா சிலத விட்டுத்தான் ஆகணும்."

பக்கத்தில் இருந்தவர் மூடி திருகி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். இளஞ்செழியன் அதை வாங்கிக் குடித்தார்.

"அப்ப என்னைத்தான் விட்டீகளா?" என்று கேட்டாள். அதற்குள் யாரோ செல்ஃபிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். நடுவாசலில் செம்பும் கையுமாக நின்றாள் அவள். ஆலைக்காரன் தண்ணீரைத்தான் கெடுத்தான். இவரை அவள் வீட்டுப் பிள்ளை என்றல்லவா நினைத்திருந்தாள்.

கோர்ட்டுக்குத் தனியாகத்தான் போனாள். கூண்டில் ஏற்றி விவரம் கேட்டார்கள். தன் பேரைச் சொன்னாள், கிணற்றைச் சொன்னாள், ஆலையின் பேரைச் சொன்னாள். சத்தம் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லும்மா என்றார் நீதிபதி.

சொன்னாள்.