ரிப்பேர் முடிகிற துறைமுகம்

ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் தேய்ப்பது வீட்டுக்காரரின் வேலை. தேய்த்த தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்; ஓரத்தில் பிசுக்குத் தெரிந்தால் மறுபடி சோப்பு. இருபத்தெட்டு வருஷமாக ஊரிலுள்ள லிப்டுகளைச் சோதித்து, 'ஏறலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவர். எட்டுப் பேர் ஏறுகிற பெட்டிக்கு நம்பிக் கையெழுத்துப் போட முடியாது, பார்த்துத்தான் போட முடியும் என்பார். வீட்டுத் தட்டுக்கும் அதே சட்டம்தான்.

அடிப்பிடித்த வாணலியோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மைத்துனன் ஒரு பெரிய துணிச் சுருளைத் தோளில் சுமந்து வந்து கூடத்தில் தொப்பென்று போட்டான். உருட்டி விரித்ததும் அது கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசலைத் தாண்டி, அவர் காலடி வரைக்கும் வந்து நின்றது.

"என்ன மாப்ள, சர்க்கஸ் வைக்கப் போறியா?"

"படகுப் பாய் மாமா. அக்கா ஒரு கிழிசல் தைச்சுக் குடுக்கணும்."

"இதுல கிழியாத இடம் எங்கே இருக்கு?"

அக்கா, அதாவது அவர் மனைவி, அதற்குள் முட்டி போட்டு உட்கார்ந்து, துணியை விரலிடையில் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளைக் கர்ட்டன் அக்கா என்பார்கள். ஐம்பத்தோரு வயது. வீடுகளுக்குத் திரைச்சீலை, கடைகளுக்கு வெயில் மறைப்பு, இரண்டும்தான் பிழைப்பு. எதிர்வீட்டு ஜன்னலை இங்கிருந்தே பார்த்து அகலம் சொல்வாள்; நாடா வைத்து அளந்தால் அரை விரல்கூடத் தப்பாது. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும் என்பதால் பேச்சு உதட்டின் ஒரு ஓரத்தில்தான் வரும்.

தம்பி பயணிகள் படகில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு, முப்பதடி நீளப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தான். தொள்ளாயிரம் மைல் தெற்கே ஒரு தீவில் சுற்றுலாக்காரர்கள் படகு வாடகைக்குக் கேட்டு அலைகிறார்களாம். அதுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டால் பிழைத்தான். கூட வருவதாகச் சொன்ன நண்பன் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டுவிட்டான்.

"தனியா போக முடியாதாடா?" என்று அக்கா குண்டூசிகளுக்கு இடையில் கேட்டாள்.

"ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தர் முழிச்சிருக்கணும்க்கா. அதுவும் இந்தப் பாயை நம்பி."

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள். அவள் வாய் காலியானால் ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறாள் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். குழாயை மூடினார்.

"நான் கொஞ்ச தூரம் போயிட்டு வரட்டா? மொதல் துறைமுகம் வரைக்கும். படகு எங்க ரிப்பேர் எதுவும் இல்லாம நிக்குதோ, அங்கேர்ந்து பஸ் பிடிச்சு வந்துடறேன்."

"சத்தியமா?"

"உங்க வாணலி மேல சத்தியம்."

லிப்டுகளின் உலகத்தில் ரிப்பேர் என்றைக்காவது ஒருநாள் முடிந்துவிடும். பாவம், அவர் அந்தக் கணக்கில் தலையாட்டிவிட்டார்.

முதல் இரண்டு நாள் அக்கா வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். குடல் வாய்க்கு வந்தது என்பது அவளைப் பொறுத்தவரை வெறும் பேச்சில்லை. மூன்றாம் நாள் எழுந்து, முகம் கழுவி, "நகரு" என்று தம்பியிடமிருந்து சுக்கானை வாங்கினாள். அன்றிலிருந்து வாந்தியும் இல்லை, தம்பிக்கு முழு நேரம் சுக்கானும் இல்லை.

முதல் துறைமுகத்தில் பம்ப் நின்றுபோயிருந்தது. படகின் அடியில் சேர்கிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் கைப்பம்ப். உள்ளே இருக்கிற ரப்பர் வட்டம் கிழிந்துவிட்டது. கடைகளில் அந்த அளவு கிடைக்கவில்லை. அக்கா தம்பியின் மழைக்காலப் பூட்ஸ் ஒன்றை எடுத்து, கணுக்காலுக்கு மேலே கத்தரித்து, கிழிந்ததை அச்சாக வைத்து வெட்டிப் பொருத்தினாள். பம்ப் இறைத்தது. தம்பி அதற்குப் பிறகு ஒற்றைக் கால் பூட்ஸோடு திரிந்தான்.

"முடிஞ்சுதா?" என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

"பம்ப் முடிஞ்சுது. சுக்கான் ஆடுது. அடுத்த துறைமுகத்துல பட்டறை இருக்காம்."

அடுத்த துறைமுகத்துக்கும் இதற்கும் நடுவில் பவளத்திட்டுகள். வரைபடத்தில் அந்த இடம் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். உச்சி வெயிலில்தான் கடக்க வேண்டும். நீலமாகத் தெரிந்தால் ஆழம், பழுப்பாகத் தெரிந்தால் பாறை. தம்பி பாய்மரத்தின் பாதி உயரத்தில் தொற்றிக்கொண்டு "இடது! இன்னும் இடது!" என்று கத்த, அக்கா கீழே திருப்பிக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் வானம் கருத்து, ஒரு காற்று வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் பெரிய பாய் ஓரத்திலிருந்து மேல்வரைக்கும் டர்ரென்று கிழிந்தது. எஞ்சினைப் போட்டார்கள், இருமிவிட்டு அணைந்தது. தம்பி இறங்கி ஓடி நங்கூரத்தைப் போட்டான். பிடித்தது. ஆனால் பின்னால், கல்லெறியும் தூரத்தில், பழுப்பு நிறத்தின் மேல் அலை நுரைத்துக்கொண்டிருந்தது.

"பிடிச்சிருக்கில்ல?" என்றாள் அக்கா.

"பிடிச்சிருக்கு. மெல்ல மெல்ல நகருது."

"எவ்வளவு மெல்ல?"

"தைக்கிறதா இருந்தா இப்பவே தையேன்க்கா!"

பாய்த்துணியில் மிச்சம் இல்லை. கடை வாசலுக்குத் தைத்ததில் மீந்த தடித்த மறைப்புத்துணி ஒன்று அவள் பையில் இருந்தது. பச்சையில் பெரிய பெரிய சிவப்புப் பூ. அதை இரண்டாக மடித்து, ஊசியைத் தள்ள உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டிக்கொண்டு, படகு முன்னும் பின்னும் எகிற எகிறத் தைத்தாள். ஊசி இரண்டு தடவை துணிக்குப் பதிலாகக் கட்டைவிரலைத் தைத்தது. தம்பி எத்தனை தையல் பாக்கி என்று எண்ணத் தொடங்கினான்.

"எண்ணாதே. வாடிக்கைக்காரன் வாசல்ல நின்னு எண்ணினாலே எனக்குத் தையல் கோணும்."

முக்கால் மணி நேரம். பாய் ஏறியது, பூக்கள் காற்றில் புடைத்தன, படகு ஒரு பக்கம் சாய்ந்து பாறையைவிட்டு விலகியது. தம்பி சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அக்கா புடைத்த பூக்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அவள் தைத்த துணியெல்லாம் ஜன்னலோரம் தொங்கிக்கொண்டு நிற்கிறது. இது ஒன்றுதான் எங்கேயோ போகிறது.

அவள் பொய் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பெரிய பொய் ஒன்றும் இல்லை. இரண்டாம் துறைமுகத்தில் சுக்கான் சரியானது, எஞ்சின் சரியானது. "விளக்கு ஒயர் பாக்கி" என்றாள் போனில். மூன்றாம் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது பாக்கி என்று சொல்ல எதுவுமே இல்லை. அங்கிருந்து தெற்கே நீரிணை. தொண்ணூறு மைல், எதிரும் புதிருமான நீரோட்டம், இரவும் பகலும் மலை மலையாகச் சரக்குக் கப்பல்கள். இரண்டு பேர் இல்லாமல் யாரும் அதற்குள் போகமாட்டார்கள். அது முடிந்தால் தீவு.

"இன்னும் என்ன பாக்கி?" என்றார் போனில்.

"கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாள்."

மூன்றாம் நாள் காலை வீட்டுக்காரர் வந்து இறங்கினார். பையில் மாற்றுச் சட்டை, வீடு திரும்ப இரண்டு டிக்கெட், புதுத் தாழ்ப்பாள் ஒன்று, அதற்கேற்ற நாலு திருகு.

பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து, மூன்று தடவை பார்த்தார்.

"இனிமே மாமாதான் படகுக்கு இன்ஸ்பெக்டர்" என்றான் தம்பி, சுரத்தில்லாமல். நீரிணைக்கு ஆள் தேட வேண்டும் என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"நீ போற படகு, மாப்ள. ஒரு தடவை பார்த்துடறேன்" என்று அவர் சட்டைக் கையை மடித்தார்.

அக்கா படகுத்துறைக்கு எதிரே எடுத்திருந்த வாடகை அறைக்குத் திரும்பினாள். கட்டில், ஒரு நாற்காலி, துறையைப் பார்த்த ஜன்னல். பையில் துணிகளை அடுக்கினாள். வாக்கு வாக்குதான், படகு ரிப்பேர் இல்லாமல் நிற்கிறது. ஜன்னல் வழியே அவர் படகைச் சுற்றி வருவது தெரிந்தது. பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிற எஃகுக் கம்பியிடம் வந்து, பையிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்தார். லிப்ட் கம்பியைச் சோதிப்பது அப்படித்தான்: கம்பியைத் துணியால் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வருவார். கண்ணுக்குத் தெரியாத அறுந்த இழை இருந்தால் துணியைக் கொக்கி போட்டு இழுக்கும்.

கம்பி படகோடு சேர்கிற இடத்தில் அவர் கை நின்றது. குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கி வந்தார்.

அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மடித்த சேலையையே திரும்ப மடித்தாள்.

"பார்க்காம வந்திருக்கலாம்" என்றார் கடைசியில்.

"எத்தனை இழை?"

"பத்தொன்பதுல மூணு அறுந்திருக்கு. நீரிணைக்குள்ள பலமா ஒரு காத்து அடிச்சா, பாய்மரமே அவன் தலையில விழும்."

"லிப்டா இருந்தா?"

"சீல் வெச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லணும். தாழ்ப்பாள் தானா கெட்டுப்போகல. நாந்தான் திருகைக் கழட்டினேன்."

"தெரியும். உடைஞ்ச திருகுக்கும் கழட்டின திருகுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கறேன்?"

"தெரிஞ்சுதான் மாட்டினீங்களா?"

"மாட்டினா நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு பார்த்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் வரமுடியாமல் திணறி, ஆளாளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கம்பி கடையில கிடைக்கும், ரெண்டு நாள்ல மாத்திடலாம்" என்றாள். "மாத்தினப்புறம் படகு நல்லாத்தான் இருக்கும், ரிப்பேர்னு ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா நான் நீரிணையைத் தாண்டிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்னு நினைக்கிறேன். அவனுக்காக மட்டும் இல்ல. எனக்கே போகணும். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கம்பி என்ன கனம்?"

"ஆறு மில்லி. நீளம் தம்பிக்குத் தெரியும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஒரு மணிக்குக் கடையை மூடிடுவான். உன் டிக்கெட்டை வேற கேன்சல் பண்ணணும்" என்று, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வெளியே போனார்.