அண்ணியின் நடுப்பெயர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பேச்சுக்குத்தான். பாதி நாள் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புகிற வேலை. பூலாம்பாடி, அரும்பாவூர், குரும்பலூர் என்று எந்த ஊரிலிருந்து யார் வெளிநாடு கிளம்பினாலும் முதலில் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துதான் போக வேண்டும். ஒரு கட்டம்கூடத் தப்பாக நிரப்ப மாட்டேன் என்று எனக்குத் தலைக்கனம் உண்டு. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். அது என் வீட்டிலேயே நடந்தது.

என் அண்ணி பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். அண்ணனும் அவரும் துபாயில் ஒரே ஓட்டலில் வேலை பார்த்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிரசவத்துக்கு அரியலூரில் எங்கள் அம்மாவிடம் வந்தவர், குழந்தை பிறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். தமிழை அம்மாவிடம் கற்றதால் வீட்டை ‘வூடு’ என்றுதான் சொல்வார்.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது அவர் ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய அம்மாவுக்கு உடம்பு மோசம். இனி நாளைத் தள்ளுவதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பேத்தியை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். அண்ணியிடம் அவர் நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. குழந்தைக்கு எதுவும் இல்லை. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

“நா இருக்கேன்ல அண்ணி, கவலப்படாதீங்க” என்று குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அண்ணனும் துபாயிலிருந்து தன் பங்குக்குக் காகிதங்களை அனுப்பினான். திருச்சி பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனோம். அங்கே கவுன்டரில் இருந்த அதிகாரி குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் அண்ணியின் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சர்ட்டிபிகேட்ல இருக்கற அம்மா வேற, இவங்க வேறங்க. திருத்திட்டு வாங்க” என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதியும் படிவத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான். அண்ணியின் பெயர் பாஸ்போர்ட்டில் மூன்று பகுதியாக நீண்டு கிடந்தது. இவ்வளவு எதற்கு என்று முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் அண்ணனின் இனிஷியலைச் சேர்த்திருந்தேன். நம் வீட்டுப் பெண்களுக்கு அப்படித்தானே எழுதுகிறோம்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி என்னைத் திட்டவில்லை. அந்தக் கருஞ்சிவப்புப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். “இது நானு. இது எங்கப்பா வூட்டுப் பேரு. நடுவுல இருக்குல்ல, இது எங்கம்மா பொறந்த வூட்டுப் பேரு. எங்கூர்ல எல்லாருக்கும் இப்பிடித்தான்.”

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுப்பெயருக்கென்று ஒரு தனி வரி, அதில் ஒரு தாயின் பிறந்த வீடு. ஒரு நாடே, ஆணும் பெண்ணுமாக, போகிற இடமெல்லாம் அம்மா வீட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது! எத்தனை பாஸ்போர்ட் பார்த்த கண் இது, அன்றைக்கு அப்படியே அசந்துபோனேன். எனக்குக் கல்யாணமானதும் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போட்டபோது, பொத்தான் மாற்றுவது போலத்தான் இருந்தது. அண்ணி யாரைப் பார்க்கத் துடிக்கிறாரோ அவரைத்தான் நான் வெட்டி எறிந்திருக்கிறேன் என்று உறைத்தபோது அழுகை வந்துவிட்டது.

கடையை அடைத்துவிட்டு அரியலூர் நகராட்சி ஆபீஸுக்கு அலைந்தேன். தினமும் காலையில் அம்மா வீட்டில் அண்ணி போனை எடுக்கும்போது, கெட்ட செய்தியோ என்று அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊரும்போதெல்லாம் டிரைவரை மனத்துக்குள் வைதேன்.

திருத்தத்தைப் பதியும்போது குமாஸ்தா கேட்டார்: “இம்மாம் நீளமா? ஒரு ஆளா, மூணு ஆளா?”

“மூணு ஆளுதாங்க சார்” என்றார் அண்ணி, சிரிக்காமல்.

புதுச் சான்றிதழ் வந்தது, பிறகு குழந்தையின் பாஸ்போர்ட்டும் வந்தது. இருவரும் கிளம்பிப் போனார்கள். மூன்றாம் நாள் வீடியோ காலில் அண்ணி கூப்பிட்டபோது நானும் அம்மாவும் அரியலூரில் ஒரே போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம்.

அவருடைய அம்மா உயிரோடு இருந்தார். எலும்பும் தோலுமாகப் படுக்கையில்; பக்கத்தில் எங்கள் பிள்ளை அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் அந்தச் சான்றிதழ். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து எழுத்து எழுத்தாகத் தேடி, நடுப்பெயர் வந்ததும் கட்டைவிரலை அதன்மேல் ஊன்றிக்கொண்டார். எடுக்கவே இல்லை. அவர் ஏதோ முணுமுணுத்தார்.

“‘அவ்ளோ தூரத்துல, முன்னப்பின்ன தெரியாதவங்க எழுதியிருக்காங்களே’ன்னு சொல்றாங்க” என்றார் அண்ணி. முதலில் அதை வெட்டியவள் நான்தான் என்று அவர் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

போனை வைத்த பிறகு அம்மா கேட்டாள்.

“ஏண்டி, ஒம்பேரோட எம்பேர எங்க வெச்சிருக்க?”

யோசித்துப் பார்த்தேன். “நம்ம பழைய ரேஷன் கார்டுல ரெண்டு பேரும் இருக்கோம்மா.”

“அது அரிசிக்கு” என்றாள் அம்மா.