பிரின்சஸிடம் கேட்ட சிபாரிசு

1. அலமாரி

அபுதாபியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு இரும்பு அலமாரியின் சாவியை என் கையில் கொடுத்தார்கள். உள்ளே இருநூறுக்கு மேல் பாஸ்போர்ட். கொத்தனார், கம்பி கட்டுபவர், ஷட்டரிங் கார்ப்பென்டர் என்று கேம்ப்பில் இருந்த எல்லோருடையதும். விசா கிளார்க் என்பவன் அந்த அலமாரிக்கு வாட்ச்மேன் என்று அன்றே புரிந்துவிட்டது. ஜெனரல் மேனேஜர் கையெழுத்துப் போட்ட லீவ் பாரம் இல்லாமல் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.

ஒரே ஒருவரின் பேப்பர் மட்டும் அந்த அலமாரிக்கு வரவில்லை. அவர் பிரின்சஸ். கம்பெனி கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் பாரிஸிலிருந்து கொண்டுவந்த ரஷ்ய அம்மாள். எழுபது வயது இருக்கும். ஜார் மன்னருக்குப் பேத்தி முறையாம். புரட்சி வந்தபோது சின்னப் பெண்ணாகக் குடும்பத்தோடு கப்பலேறித் தப்பித்தவர். அப்புறம் பாரிஸில் ஒரு கடையில் தொப்பிக்குப் பூ தைத்தே காலம் தள்ளியிருக்கிறார். இதை அவரே என்னிடம் சொன்னார். மேனேஜர் விருந்தாளிகளிடம் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார்.

"லேபர் ஆளுங்க பேப்பரோட என் பேப்பரை வைக்காதீங்க" என்று வந்த அன்றே சொன்னார். "சரி, ஹைனஸ்" என்று மேனேஜரும் தலையாட்டினார். அந்த அம்மாள் ஆபீஸுக்குள் நுழைந்தால் மேனேஜர் எழுந்து நிற்பார். அவரைப் பார்த்து அக்கவுன்டன்ட் எழுவார். பிறகு நானும் எழுவேன். சொந்த ஜனங்களே துரத்திவிட்ட ஒரு ராஜகுடும்பத்துக்கு, சம்பந்தமே இல்லாத நாங்கள் பாலைவனத்தில் எழுந்து நின்று மரியாதை செய்தோம். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

2. தந்தி

கருப்பையா புதுக்கோட்டைப் பக்கம். ஷட்டரிங் கார்ப்பென்டர், கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பவன். ஒரு நாள் மத்தியானம் தந்தியோடு என் மேஜை முன்னால் வந்து நின்றான். பிரசவத்தில் மனைவிக்கு மோசம், உடனே வா என்று மாமனார் அடித்திருந்தார்.

"பாஸ்போர்ட்ட மட்டும் குடுங்க சார். டிக்கெட்டுக்கு ரூம்ல பசங்க சேத்துட்டாங்க. போயி மொகத்தப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

லீவ் பாரம் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். ரெண்டு வருஷக் கான்ட்ராக்டில் அவன் பதினாலு மாசம்தான் முடித்திருந்தான். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. வேண்டியவர் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று தோன்றியது.

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். தப்பித்து வந்தபோது கான்ஸ்டான்டிநோபிள் துறைமுகத்தில் நாலு மாசம் பேப்பருக்காகக் காத்துக்கிடந்ததை பிரின்சஸ் ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். அவருடைய அம்மா அப்போது டைபாய்டில் படுத்திருந்தாராம். இவருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும் என்று நேராக கெஸ்ட் ஹவுஸுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நாளைக்கு லஞ்ச்ல பேசுறேன்" என்றார். கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் திரும்பி வந்தேன்.

மறுநாள் லஞ்ச் மேஜைக்கு ஃபைலைக் கொண்டுபோனேன். என் எதிரிலேயே பேசினார்.

"அறுவடை நேரத்துல ஒருத்தனுக்கு லீவு குடுத்தா மறுநாள் வயல்ல ஒருத்தனும் இருக்கமாட்டான்னு எங்க தாத்தா சொல்வார். இவங்களுக்கு எப்பவும் வீட்ல யாராவது சாகக் கிடப்பாங்க. ஒருத்தனை விட்டீங்க, கேம்ப்பே கிளம்பிடும்."

மேனேஜர் சிரித்தார். "கேட்டியா? நிர்வாகம் ரத்தத்துல வரணும்" என்று சொல்லிக்கொண்டே பாரத்தில் 'நாட் அப்ரூவ்டு' என்று எழுதினார்.

அந்தத் தாத்தாவின் நிர்வாகம் எங்கே போய் முடிந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வெளியே நின்ற கருப்பையாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மாகிட்ட ஏன் சார் போனீங்க?" என்று மட்டும் கேட்டான்.

3. நேஷனாலிட்டி

அதற்கு அடுத்த நாள் பிரின்சஸின் விசிட் விசா முடிந்தது. ரெசிடென்ஸ் பாரத்தில் நேஷனாலிட்டி என்ற இடத்தில் 'ரஷ்ய சாம்ராஜ்யம்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். இமிக்ரேஷன் ஆபீசர் அதைப் பார்த்தார்.

"ரூசியா? கம்யூனிஸ்ட்? மாஃபி விசா. கலாஸ்." விசா கிடையாது, அவ்வளவுதான் என்று பேப்பர் திரும்பி வந்தது.

காரில் உட்கார்ந்திருந்த பிரின்சஸிடம் போய்ச் சொன்னேன். "நான் கம்யூனிஸ்டா!" என்று கத்தினார். அவரிடம் இருந்தது, எந்த நாட்டுக்கும் சேராதவர்களுக்கு பிரான்ஸில் கொடுக்கும் டிராவல் பேப்பர். ஒரே வழிதான் இருந்தது. நாடற்றவர் என்று புது பாரம் எழுதி, ஆபீசர் முன்னால் அவரே நேரில் கையெழுத்துப் போட வேண்டும்.

"மாட்டேன். எனக்கு நாடு இருக்கு."

"இருக்கலாம் மேடம். இவங்க லிஸ்ட்ல இல்ல. கையெழுத்துப் போடலைன்னா இன்னிக்கே ஃபிளைட் ஏறணும்."

வேண்டாவெறுப்பாக இறங்கியவரைக் கியூவில் நிற்கச் சொல்லிவிட்டு, கம்பெனி லெட்டர்களுக்காக ஆபீஸுக்கு ஓடினேன். அந்த வாரம் கெஸ்ட் ஹவுஸில் பெரிய விருந்து வைத்திருந்தார் மேனேஜர். பிரின்சஸ் இல்லாத விருந்தா? பதறிப்போனார். "என்ன லெட்டர் வேணுமோ டைப் பண்ணிக் கொண்டா, சீக்கிரம், யல்லா!" கியாரண்டி லெட்டர், எங்கள் கஃபீலான அரபி ஸ்பான்சருக்கு லெட்டர் என்று ஏழு பேப்பர். எட்டாவதாகக் கருப்பையாவுக்குப் புதிதாக எழுதிய லீவ் பாரத்தை வைத்தேன். ஒன்றையும் படிக்காமல் எட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

பாஸ்போர்ட்டை எடுத்துக் கருப்பையாவிடம் கொடுத்து, கம்பெனி பிக்கப்பிலேயே ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு இமிக்ரேஷனுக்குத் திரும்பினேன். கியூவில் முன்னால் நின்ற ஒரு பட்டாணியர், வயசான அம்மாள் ஆயிற்றே என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். பிரின்சஸ் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய் நின்றார். நாடற்றவர் என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிஷம் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. காரில் ஏறியதும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்ன நாத்தம் அந்தக் கியூ" என்றார். என் பாவமும் அதோடு முடிந்தது.

கருப்பையா போன விஷயம் ரெண்டே நாளில் தெரிந்துவிட்டது. மேனேஜர் என்னை ஒரு வருஷம் சைட் ஸ்டோருக்குத் தள்ளினார். பிரின்சஸ் கெஸ்ட் ஹவுஸிலேயே இருந்தார். அவர் நுழைந்தால் எல்லோரும் வழக்கம்போல எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

கருப்பையாவிடமிருந்து கடிதம் வந்தது. மனைவி பிழைத்துக்கொண்டாள். இனி கல்ஃபுக்கு வரப்போவதில்லை. குழந்தை அவன் போய்ச் சேர்வதற்கு முந்தின நாள் இறந்துவிட்டது.

பட்டவர்களுக்கு அடுத்தவன் பாடு தெரியும் என்று நம்பி, உங்கள் மேஜைக்கு வந்த வேலையை இன்னொருவர் தயவுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிரின்சஸிடம் சிபாரிசு கேட்டுக் காத்திருந்ததில் நான் வீணாக்கியது சரியாக ஒரு நாள்.