கொரட்டூர் பீரோவில் சிம், பிராங்க்பர்ட் நிலையத்தில் நான்

மகள் கவிதா நெதர்லாந்தில் முதுகலைப் பட்டம் வாங்குவதைப் பார்க்க, போன ஜூலையில் நானும் மனைவி மல்லிகாவும் போனோம். விமான டிக்கெட் மலிவு என்று ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் இறங்கினோம். அங்கிருந்து அவள் படித்த யூட்ரெக்ட்டுக்கு ரயிலில் சுமார் நானூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். "ரயில் டிக்கெட்டெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று மகளிடம் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடமாக லேத் பட்டறை நடத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

வெள்ளிக்கிழமை காலை 7.40. நிலையத்து ரொட்டிக் கடையில் இரண்டு காபி, இரண்டு ரொட்டி, 9.40 யூரோ. கார்டை நீட்டினேன். ரொக்கம் மட்டும்தானாம். கொரட்டூரில் கீரைக்கட்டுக்கே போனைக் காட்டிப் பணம் கொடுக்கிற எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்டேன். ஒருவர் என்ன சாப்பிட்டார் என்பது அவருடைய வங்கிக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார் கடைக்கார அம்மா. மல்லிகா பலமாகத் தலையாட்டினாள்.

ரயில் 8.27க்கு. இருவருக்கும் 148 யூரோ. கையில் 90தான் இருந்தது. டிக்கெட் இயந்திரம் என் கார்டைத் துப்பிவிட்டது. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யாமலே வந்திருக்கிறேன்! ஆப்பில் ஆன் செய்ய ஓடிபி வேண்டும். அது வரும் சிம்மையோ, பயணத்தில் தொலையக் கூடாதென்று மல்லிகாவின் தம்பி குமாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கேஸ் முதல் வங்கி வரை எங்கள் வீட்டுக்கே அந்த ஒரே நம்பர்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

நிலையத்து வைஃபையில் குமாரை வாட்ஸாப்பில் பிடித்தேன்.

"மாமா, நான் மாங்காடு கோயிலாண்ட கீறேன். சிம்மு ஊட்டு பீரோவுல கீது. போறதுக்கு ஒரு மணி நேரம் ஆவும்."

பட்டமளிப்பு இரண்டு மணிக்கு. அடுத்த ரயில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான்; அதில் போய்ச் சேர்வதற்குள் விழா தொடங்கிவிடும். மகளின் போன் அணைந்திருந்தது. மணி 8.15. கார்டை மறுபடியும் இயந்திரத்தில் செருகிப் பார்த்தேன்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் மல்லிகா. கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துச் செருகி, நாலு எண்களைத் தட்டினாள். இரண்டு டிக்கெட்டும் வந்து விழுந்தன. அது அவளுடைய இட்லி மாவு வியாபாரத்துக் கணக்கு.

"அதுக்கும் என் நம்பர்தானே?" என்றேன், ரயிலில் மூச்சு வாங்கிக்கொண்டே.

"போன வருசமே மாத்திக்கினேன். நான் இன்னா வாங்குனாலும் உங்க போனுக்கு எதுக்கு மெசேஜ் வரணும்? வெளிநாட்டுக்கு ஆன் பண்ணிகினுதான் கெளம்புனேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

யூட்ரெக்ட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே காபிக் கடையில் ரொக்கம் வாங்க மாட்டோம் என்றார்கள். அதற்கும் மல்லிகாவின் கார்டுதான். இணையத்தில் வாங்கினால் அங்கே வங்கி ஆப்பிலிருந்தே நேராகக் கட்டுகிறார்கள், நம் யுபிஐ போல. ஜெர்மனியில் கார்டு எண்ணைக் கொடுக்கப் பிடிக்காதவர்கள், கடையில் ரொக்கத்துக்கு ஒரு சீட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணை இணையத்தில் தட்டுகிறார்களாம். கவிதா பிறகு சொன்னாள்.

போகிறவர்களுக்கு: கிளம்பும் முன்பே கார்டை வெளிநாட்டுக்கு ஆன் செய்து, அதன் ரகசிய எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜெர்மனிக்கு ஆளுக்கு நூறு யூரோவாவது ரொக்கம் வேண்டும். சிம்மை யாரிடமும் கொடுக்காதீர்கள். வீட்டில் அவரவருக்கு அவரவர் கணக்கு, அவரவர் நம்பர் இருக்கட்டும்.

அன்று மேடையில் கவிதாவின் பெயரை அழைத்தபோது அரங்கமே அவளைப் பார்த்துக் கைதட்டியது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்த மல்லிகாவைப் பார்த்துத் தட்டினேன்.